எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசுதல்: விஞ்ஞானிகளுக்கான செய்முறைப் பயிற்சியும் அதன் எல்லைகளும்

அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா 1993 முதல் 2005 வரை பிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன் ஃபிரான்டியர்ஸ்’ என்ற அறிவியல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளை அவரவர் பணியிடத்திலேயே சந்தித்துப் பேசுவது அந்த நிகழ்ச்சியின் அமைப்பு. எழுதி வைத்த கேள்விகளோடு போகாமல், தமக்குப் புரியாததைப் புரியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது அவர் கைக்கொண்ட முறை. அந்தச் சந்திப்புகளில் ஒன்றை அவர் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவரோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி கேமராவின் பக்கம் திரும்பினார். உடனே குரல் மாறியது, சொற்கள் மாறின, அவர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். ஆல்டா ஒரு கேள்வியைப் போட்டு அவரைத் தம் பக்கம் இழுத்ததும் பேச்சு தெளிந்தது. சற்று நேரத்தில் மீண்டும் கேமரா, மீண்டும் விரிவுரை. ஆளும் பொருளும் மாறவில்லை; எதிரில் ஒரு மனிதர் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டுமே மாறியது.

இந்தச் சிறிய கவனிப்பின்மேல்தான் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 2009 இல் அறிவியல் தொடர்பியலுக்கான ஒரு மையம் எழுந்தது. 2013 இல் அதற்கு ஆல்டாவின் பெயரே சூட்டப்பட்டது. விஞ்ஞானிகளுக்குப் பேசவும் எழுதவும் சொல்லித்தரும் முயற்சிகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அறிவுரைப் பட்டியல்களாக இருந்தன: கலைச்சொற்களைத் தவிர்க்கவும், உவமை சொல்லவும், சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசவும். இவற்றை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் சமையல் குறிப்பை மனப்பாடம் செய்து யாரும் கைப்பக்குவம் பெற்றதில்லை. அறிவுரையைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு மேடையேறும் விஞ்ஞானி, ஐந்தாவது நிமிடத்தில் பழைய பேச்சுக்கே திரும்பிவிடுகிறார்.

ஏன் அப்படி நேர்கிறது என்பதற்கு 1990 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. ஒரு குழுவினர், எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். மற்றவர்கள் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர்கள் பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே. தட்டுபவரின் மனத்துக்குள் பாட்டு முழுதாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக் ஓசைதான் எட்டுகிறது. தட்டுபவரால் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டுத் தம் தட்டலை மட்டும் கேட்கவே முடியாது. ஒரே வரைபடத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஆய்வு மாணவருக்கும் இதே நிலைதான். அதன் கிடைமட்ட அச்சு எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்ற நினைவே அவருக்கு வராது. அது வானம் நீலமாக இருப்பதைப்போல அவருக்குத் தானே தெரிந்த செய்தியாகிவிட்டது. இந்தக் குறையை உள்ளிருந்து உணர முடியாது என்பதால், அதைச் சரிசெய்யும் வழியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கேட்பவர் முகத்தில் தோன்றும் குழப்பம் மட்டுமே பேசுபவருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த முகத்தைப் படிக்கப் பழக்குவதே செய்முறைப் பயிற்சியின் மைய நோக்கம்.

ஆல்டா இதற்கு நாடக அரங்கிலிருந்து கருவிகளை எடுத்தார். ஒத்திகையும் வசனமும் இல்லாமல் அந்தந்தக் கணத்தில் நடிக்கும் பயிற்சியை நாடகக்காரர்கள் இம்ப்ரோவைசேஷன் என்பார்கள். சிகாகோவில் குழந்தைகளோடு பணியாற்றிய வயோலா ஸ்போலின் அதற்கென ஒரு விளையாட்டுத் தொகுதியையே உருவாக்கியிருந்தார். இளம் நடிகராக இருந்தபோது ஆல்டா அந்த விளையாட்டுகளில் பழகியவர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் சிலரிடம் அவர் முதலில் இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார்கள். பிறகு சில மணி நேரம் நாடக விளையாட்டுகளில் ஈடுபட்டார்கள். பிறகு மறுபடி அதே ஆய்வைப் பற்றிப் பேசினார்கள். பேச்சில் தெரிந்த மாற்றம், இதை ஒரு முறையான பயிற்சியாக்கலாம் என்ற நம்பிக்கையை அவருக்குத் தந்தது.

அந்த விளையாட்டுகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தமிழகத்தின் நவீன நாடகப் பட்டறைகளுக்குப் போனவர்களுக்கும் அது பழக்கமானதே. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையையும் தலையையும் உடலையும் அசைக்க, மற்றவர் கண்ணாடிப் பிம்பம்போல அதே கணத்தில் அதே அசைவைச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் வழிநடத்துபவர் வேகமாகக் கையை வீசுவார், பிம்பமாக நிற்பவர் தடுமாறுவார், இருவரும் சிரிப்பார்கள். அப்போது பயிற்றுநர் ஒன்றைச் சொல்வார்: பிம்பம் பின்தங்கினால் அது வழிநடத்துபவரின் பொறுப்பு. இதைக் கேட்டதும் வழிநடத்துபவரின் கை தானாகவே நிதானப்படும். அவர் கண் தம் கையை விட்டு எதிரில் இருப்பவரின் முகத்துக்குப் போகும். அவர் தொடர்கிறாரா என்று பார்த்துப் பார்த்து அடுத்த அசைவைத் தொடங்குவார். ‘கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்’ என்ற கருத்தை நூறு முறை சொன்னாலும் ஏற்க மறுக்கும் பேராசிரியருடைய உடலுக்கு, அது பத்து நிமிடங்களில் புரிந்துவிடுகிறது. கடைசியில் வழிநடத்துபவர் என்று யாரும் இல்லாமல் இருவரும் சேர்ந்தே அசைய வேண்டும் என்று விதி மாறும்போது, இருவருமே ஒருவரை ஒருவர் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது.

நடிக்கக் கற்றுக்கொடுத்து விஞ்ஞானிகளைக் கோமாளிகளாக்குகிறார்கள் என்ற முணுமுணுப்பு இந்த முறைக்கு எதிராக எழுவதுண்டு. மேற்கண்ட விளையாட்டைப் பார்த்தாலே அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்பது விளங்கும். அதில் நடிப்பு எதுவும் இல்லை, கவனிப்பு மட்டுமே இருக்கிறது. நாடக விளையாட்டு இல்லாத செய்முறைப் பயிற்சிகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவியுள்ள ஒரு பயிற்சியில் ஆய்வாளர் தம் பணியை முதலில் 60 நொடிகளில் சொல்ல வேண்டும், பிறகு 30 நொடிகளில், பிறகு 15, கடைசியாக 8. எட்டு நொடிக்கு வரும்போது முறைகளும் கருவிகளும் விதிவிலக்குகளும் உதிர்ந்துவிட, ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சும். தம் ஆய்வின் மையம் அந்த வாக்கியம்தான் என்பதை ஆய்வாளர் பல நேரங்களில் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டுகொள்கிறார். இது பேச்சுப் பயிற்சியாகத் தொடங்கிச் சிந்தனைப் பயிற்சியாக முடிகிறது.

இவை எல்லாம் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள் என்று எண்ணிவிடக் கூடாது. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பேசத் தெரிந்து பிறந்தவர் அல்லர் என்பதால் அவர் அதை ஒரு தொழிலைப்போலவே கற்றார். 1813 இல் நண்பர் பெஞ்சமின் அபாட்டுக்கு எழுதிய கடிதங்களில், தாம் கேட்ட சொற்பொழிவாளர்களின் குறைநிறைகளை, அரங்கின் காற்றோட்டம் வரைக்கும் அலசியிருக்கிறார். 1818 இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் சொல்வன்மை வகுப்புகளில் சேர்ந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பேச்சாளரான பின்பும், தம் நண்பர் எட்வர்ட் மக்ராத்தை அவையில் அமர்த்தி, பேச்சில் நேரும் குறைகளைக் குறித்துச் சொல்ல வைத்தார். பேசும்போது தமக்கு எதிரே ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்று இருக்குமாறு பார்த்துக்கொண்டார். அதை அவர் கவனிக்காமல் வேகமெடுத்தால் உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை அவர் முன் நகர்த்தி வைப்பார். நேரம் முடியும் தறுவாயில் ‘நேரம்’ என்று எழுதிய வேறோர் அட்டை வரும். இன்றைய பயிலரங்கில் காணொளிப் பதிவும் சக மாணவரின் குறிப்பும் செய்யும் வேலையை அன்று மக்ராத்தும் ஆண்டர்சனும் செய்தார்கள்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825 இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில், சிறுவர்கள் நிறைந்த அவைக்கு ஃபாரடே ஒரு மெழுகுவத்திச் சுடரை வைத்துக்கொண்டு வேதியியலையே விளக்கினார். அந்தச் சுடர் ஆல்டாவின் கதையிலும் வருகிறது. 11 வயதில் அவர் தம் ஆசிரியரிடம் சுடர் என்றால் என்ன என்று கேட்டபோது, ‘ஆக்சிஜனேற்றம்’ என்ற ஒற்றைச் சொல் பதிலாகக் கிடைத்தது. கேள்வி இருந்த இடத்தில் ஒரு பெயர் வைக்கப்பட்டது, அவ்வளவுதான். அந்தக் கேள்வியையே 2012 இல் அவர் விஞ்ஞானிகளுக்கான போட்டியாக அறிவித்தார்: 11 வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சுடரை விளக்குங்கள். நடுவர்களும் அதே வயதுப் பள்ளி மாணவர்களே. 800க்கு மேற்பட்ட விளக்கங்கள் வந்தன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்த அமெரிக்க மாணவர் ஒருவரின் அசைவூட்டக் காணொளி வென்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் காலம், நிறம், உறக்கம் என்று கேள்விகள் தொடர்ந்தன. தம் துறையைச் சேர்ந்த மூத்தவர்களே எப்போதும் மதிப்பிட்டுப் பழகிய ஆய்வாளருக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து மதிப்பெண் பெறுவது புதிய அனுபவம்.

ஆனால் போட்டி வேறு, பயிற்சி வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2005 இல் இங்கிலாந்தின் செல்ட்டனம் அறிவியல் விழாவில் தொடங்கிய ஃபேம்லேப் என்ற அறிவியல் பேச்சுப் போட்டி, 2008 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி ஆகியவை பல நாடுகளுக்குப் பரவின. அவற்றால் நல்ல பேச்சாளர்கள் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். எனினும் அவை ஏற்கெனவே பேச வருபவர்களைத் தேர்ந்தெடுக்கின்றனவே தவிர, பேச வராதவர்களைப் பேச வைப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று நிமிடமும் அவை கேள்வி கேட்காமல் அமர்ந்திருக்கிறது. மெருகேற்றி மனப்பாடம் செய்த உரை, எதிரில் யார் இருந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும். செய்முறைப் பயிற்சி சரிசெய்ய வந்த குறையே அதுதான்.

சரி, இந்தப் பயிற்சிகளால் பயன் உண்டா? பயிற்சி பெற்றவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் உண்டு என்பார்கள். கேட்பவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று பார்த்த ஆய்வுகள் மிகவும் குறைவு. அந்த வகையில் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2021 இல் வெளியிட்ட முடிவு, இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் நின்று யோசிக்க வேண்டியது. அறிவியல், பொறியியல் துறைகளின் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் நடந்த பாடம் அது. இதழியல் மாணவர்கள் அவர்களைப் பேட்டி காண்பதும், அந்தப் பேட்டியைப் பதிவு செய்து பின்னர் அலசுவதும் பாடத்தின் முதுகெலும்பு. அறிவுரைப் பட்டியல் வகையைச் சேர்ந்ததன்று. பாடத்துக்கு முன்பும் பின்பும் மாணவர்கள் ஓர் அறிவியல் கருத்தை விளக்கும் குறுங்காணொளிகள் எடுக்கப்பட்டன; பாடம் படிக்காத மாணவர்களின் காணொளிகளும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டன. எது எந்த வகை என்று அறியாத இளங்கலை மாணவர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அதே குழுவினரின் இன்னொரு கட்டுரை, பயிற்சி பெற்றவர்களின் தன்னம்பிக்கை உயர்ந்ததைக் காட்டியது. தன்னம்பிக்கை கூடியது; கேட்பவருக்குக் கிடைத்த தெளிவு அந்த அளவுக்குக் கூடவில்லை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். கேமராவுக்கு முன் தனியாக நின்று பேசிய காணொளியை வைத்து மதிப்பிடும்போது, எதிரில் இருப்பவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் திறன் வெளிப்பட இடமே இல்லை. பேட்டியின் நடுவே அளந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். இந்தச் சமாதானத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் கூடாது. இரண்டு நாள் பயிலரங்குகளைக் கட்டணம் வாங்கி நடத்தும் நிறுவனங்கள், முடிவில் ஒரு கருத்துப் படிவத்தைக் கொடுத்து ‘உங்களுக்குப் பயன்பட்டதா’ என்று பங்கேற்றவரிடமே கேட்டுத் திருப்தி அடைகின்றன. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லும் அறிவியலைப் பற்றிய பயிற்சிக்கு இது பொருந்தும் அளவுகோல் அன்று.

ஒரு பருவம் போதாது என்பதுதான் அந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் எளிய பாடம். அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1975 முதல் நடத்திவரும் ஊடக உதவித்தொகைத் திட்டத்தில், ஆய்வு மாணவர்கள் கோடைக்காலத்தில் பத்து வாரம் செய்தி நிறுவனங்களில் நிருபர்களாகவே வேலை செய்கிறார்கள். அங்கே பயிற்றுநர் என்று யாரும் இல்லை. மாலைக்குள் செய்தி வேண்டும் என்று நிற்கும் ஆசிரியர்தான் இருக்கிறார். பிறர் ஆய்வை எழுதி, அது திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் எழுதி, அச்சில் வந்தபின் வாசகர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதையும் பார்க்கும் மாணவருக்கு வாய்க்கும் பழக்கம், வகுப்பறையில் உருவாக்க முடியாதது. அது சில பேருக்கே கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

எவ்வளவு நீண்ட பயிற்சியாக இருந்தாலும் தொட முடியாத ஓரிடமும் உண்டு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களில் வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் கதிரியக்கச் சீசியத்தோடு மழை பெய்தது. அங்கு மேயும் ஆடுகளை விற்கவும் இடம் மாற்றவும் ஜூன் மாதத்தில் தடை வந்தது. மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விஞ்ஞானிகளின் கணக்கு, சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் நிலத்தை வைத்துப் போடப்பட்டது. அந்த மலைகளின் அமிலத் தன்மையுள்ள கரி மண்ணிலோ சீசியம் புல்லுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாடுகள் முற்றிலும் நீங்கியது 2012 இல். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த ஆட்டுப் பண்ணையாளர்களிடம் பேசித் தொகுத்தவை, அறிவியல் தொடர்பியலின் போக்கையே மாற்றின. மண்ணில் பென்டோனைட் என்ற களிமண் வகையைத் தூவிப் பார்க்கும் சோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தபோது, திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைப்பில் இளைத்துப்போகும் என்று பண்ணையாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள்; யாரும் பொருட்படுத்தவில்லை; சோதனை பின்னர் கைவிடப்பட்டது. அந்த விஞ்ஞானிகள் தெளிவாகப் பேசாதவர்கள் அல்லர். மூன்று வாரம் என்பதைவிடத் தெளிவான செய்தி எது? குறை அவர்கள் கேட்காததில் இருந்தது. மக்களுக்கு அறிவு போதாது, அதை நிரப்பிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நினைப்போடு பயிற்சிக்கு வரும் விஞ்ஞானி, அதே நினைப்பை இன்னும் அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டு திரும்பும் ஆபத்து இருக்கிறது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே மலைக்குள் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோக்கள் நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, எந்தத் தீங்கும் செய்வதில்லை என்பது மறுக்க முடியாத இயற்பியல். கதிரியக்கம் பற்றிய ஆதாரமில்லாத அச்சங்களுக்கு அது சரியான பதில்தான். ஆனால் அந்த ஊர்களில் எழுந்த கேள்விகளில் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பது, நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம், அருகிலுள்ள அணைகள் ஆகியவையும் இருந்தன. அவை துகள் இயற்பியலின் கேள்விகளே அல்ல. நியூட்ரினோவைப் பற்றி எவ்வளவு சுவையாகப் பேசினாலும் அவற்றுக்குப் பதிலாகாது. 2022 இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. திட்டம் சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. ஆய்வு முழுவதையும் ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய ஒருவர், மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஓர் ஆட்டுக்காரர் தமிழில் கேட்கும் கேள்விக்கு முன் நிற்கும் நிலைமைக்கு நம்முடைய எந்த முனைவர் பட்டப் படிப்பு அவரைத் தயார் செய்திருக்கிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018 இல் தொடங்கிய ‘அவ்சர்’ திட்டம், ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுவாசகருக்காகக் கட்டுரையாக எழுதினால் பரிசு தரும் நோக்கில் உருவானது. நல்ல தொடக்கம், ஆயினும் அதுவும் போட்டியே. இத்தகைய பரிசுகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, முனைவர் பட்டத்தின் முதலாண்டுப் பாடத்தில் சில வாரங்களைச் செய்முறைக்கு ஒதுக்க முடியும். எதிரே அமர்பவர்கள் சக மாணவர்களாக இல்லாமல், அந்த ஆய்வால் ஏதேனும் ஒரு வகையில் பாதிக்கப்படக்கூடியவர்களாக இருக்க வேண்டும்: கடல் உயிரியல் மாணவருக்கு மீனவர்கள், நீரியல் மாணவருக்குக் கிணற்றுப் பாசன விவசாயிகள். முதல் அமர்வில் மாணவர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், தம் ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி வைக்கலாம். முடிவில் மதிப்பெண் படிவத்தை நிரப்புவது, எதிரே அமர்ந்த மீனவரும் விவசாயியுமாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவர்களையே மறுபடி அழைத்து, அன்று கேட்டதில் எது நினைவில் இருக்கிறது, தாங்கள் சொன்னதில் எது அந்த ஆய்வில் இடம்பெற்றது என்று விசாரித்தால், பயிற்சியைப் பற்றி நம்பத்தக்க கணக்கு ஒன்று நம் கையில் இருக்கும்.